கறுக்காத கவரிங்

தங்கத்தையும் செம்பையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். ஒருநாள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு பிரித்தேன். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. நடந்ததை என் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அவள் படிக்கிற நேரத்தில் நான் ஏதாவது வெளியூரில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

எழுபதுகளின் பின்பாதியில் தேரடித் தெருவில் ஒரு கவரிங் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி ஒரு பாய். மூன்று தலைமுறையாக வளையல், மணி, சங்கிலி விற்ற குடும்பம். எட்டடிக்குப் பத்தடிக் கடை. ஒரு கண்ணாடி அலமாரி, சிவப்பு வெல்வெட் ஒட்டிய நாலு பலகை, ஒரு டியூப் லைட். அந்த லைட் ஒரு தடவை கண்ணடித்து, யோசித்து, பிறகுதான் எரியும். எரிந்துவிட்டால் கடை முழுக்கப் பொன்னாக மின்னும். வெளியே எடுத்துப் போய் வெயிலில் பார்க்கிற வாடிக்கையாளரை எங்களுக்குப் பிடிக்காது.

அலமாரியில் உலோகங்களை நான் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கீழ்த்தட்டில் அலுமினிய வளையல். ஊதினால் பறக்கும், நசுக்கினால் நசுங்கும். திருவிழாவுக்கு வந்த பிள்ளைகள் ஊர் போய்ச் சேருவதற்குள் கோணிவிடும். அடுத்த தட்டில் செம்பு மோதிரமும் பித்தளைக் காப்பும். செம்பு உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று சொல்லி விற்றேன். அதே கூட்டத்துக்குக் குளிர்காலத்தில் செம்பு சூடு தரும் என்று சொல்லியும் விற்றிருக்கிறேன். அதற்கு மேலே ஜெர்மன் சில்வர் கொலுசு. பேரில்தான் சில்வர். வெள்ளி ஒரு துளிகூட அதில் கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்து போட்ட வேஷம். புதிதில் வெள்ளியைவிடப் பளபளப்பாக இருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். உண்மையான வெள்ளி கொஞ்சம் அசடு வழிகிற மாதிரிதான் வெளுத்திருக்கும், நாள்பட்டால் முகம் கறுத்துப்போகும், தேய்த்தால் மறுபடி சிரிக்கும். வெள்ளி மெட்டியும் அரைஞாண் கயிறும் பாயின் மேஜை டிராயரில் பூட்டோடு இருந்தன. மேல்தட்டு முழுக்கக் கவரிங். உள்ளே செம்பு, மேலே வெங்காயச் சருகைவிட மெல்லிசாகத் தங்க முலாம்.

நிஜத் தங்கம் எங்கள் கடையில் குந்துமணி அளவுகூட இல்லை. பாய் போட்டிருந்ததும் வெள்ளி மோதிரம்தான். தங்கம் ஆம்பளைக்கு ஆகாது என்பது அவர்கள் மார்க்கம். எனக்கும் ஆகவில்லை, அதற்குக் காரணம் வேறு.

ஆசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் சிலர் கடைக்கு வருவார்கள். கடல் தாண்டி விமானத்தில் வந்தவர்கள், ஒன்றரை ரூபாய்ச் செம்புக் காப்பை ஆசையாகப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் அவர்களுக்காக வருத்தப்பட்டார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள், பாயிடம் இருந்த கரிபிடித்த பழைய வெள்ளித் தண்டையைப் பார்த்துவிட்டு நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். நல்ல வியாபாரம் ஆயிற்றே என்று நான் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பல்பொடி போட்டுத் தேய்த்து, மறுநாள் கண்ணாடி மாதிரி எடுத்து நீட்டினேன். அந்த அம்மாள் இறந்துபோனவரைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போய்விட்டார். அவருக்கு அந்தக் கருப்புதான் வேண்டியிருந்ததாம். பாய் பல்பொடி டப்பாவை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி போளூர்ப் பெண். மூன்று சவரனில் ஒரு மணிச் சங்கிலி போட்டு அனுப்பினார் மாமனார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை மணிகள், பார்க்க எட்டு சவரன் மாதிரி இருக்கும். அது எப்படி என்று யோசிக்க வேண்டியவன் நான்தான். நான் யோசிக்கவில்லை. மாமனாரின் தாராளம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கார்த்திகை தீபம் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. தீபத்துக்கு முதல் நாள், பெண்கள் கழுத்தில் இருக்கிற தங்கத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கவரிங்கை மாட்டிக்கொள்வார்கள். கூட்டத்தில் சங்கிலி அறுப்பவன் கை எந்தப் பக்கம் இருந்து வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே கடவுளைப் பார்க்கப் போகும்போது செம்பு, கல்யாணத்துக்குப் போகும்போது தங்கம். எங்கள் கடை வருஷம் முழுக்கச் சாப்பிட்டது அந்தப் பத்து நாள் வியாபாரத்தில்தான்.

கவரிங் கடைக்காரன் பெண்டாட்டி ஏதோ ஒரு சங்கிலியைப் போட்டுக்கொண்டு போவதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளுடைய சங்கிலியைப் போலவே ஒன்று செய்துகாட்டுகிறேன் என்று சொல்லி அதை வாங்கிக் கடைக்கு எடுத்துப் போனேன். அதே அளவுக் கவரிங் மணிகளைப் பொறுக்கி, சின்னக் குறடு ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று நாள் மத்தியானம் சோற்றைக்கூட மறந்து கோத்தேன். முடித்து இரண்டையும் வெல்வெட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, இரட்டைப் பிள்ளைகள் தோற்றார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பாயைக் கூப்பிட்டு, எது தங்கம் சொல்லுங்க என்று இரண்டையும் இரண்டு கைக்குள் மறைத்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றிக் காட்டினேன். பாய்க்கு இந்த மாதிரி விளையாட்டெல்லாம் வராது. எதையும் தொடாமல் மத்தியான லுகர் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு கையைத் திறந்து பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை.

கடையில் தராசு இருந்தது. உரைகல் இருந்தது. வீட்டில் சங்கிலிக்குச் சொந்தக்காரி இருந்தாள். இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் என் கையை நம்பினேன். ஒரே அளவு என்றால் செம்பைவிடத் தங்கம் இரண்டு மடங்குக்கு மேல் கனம், இது தொழிலில் பாலபாடம். கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றை வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தேன். வலதுகைச் சங்கிலி நன்றாகக் கனத்தது. அதுதான் தங்கம் என்று முடிவு செய்து, வீட்டுக்குப் போனதும் நானே டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை, பூணூல் இல்லாத குறைக்கு, அரைஞாணில் கட்டிக்கொண்டேன். மனைவி ஒருதடவை பார்க்கிறேன் என்று கேட்டாள். இதையெல்லாம் தொழில் தெரிஞ்சவன்கிட்ட விட்டுடு என்றேன்.

அவளுடைய சங்கிலியில் மணிகள் வெறும் கூடு. மூன்று சவரனை எட்டுப் போலக் காட்டுவதற்காகப் போளூர்ப் பத்தர் மெல்லிய தகட்டில் மணிகள் செய்து உள்ளே அரக்கு ஊற்றியிருந்தார். நான் கோத்த செம்பு மணிகளோ உள்ளும் புறமும் கெட்டி. தங்கத்தில் சிக்கனமும் செம்பில் தாராளமும் காட்டுவது உலக வழக்கம். அது அன்றைக்கு என் உள்ளங்கைக்குத் தெரியாமல் போயிற்று.

ஆக, தீபத்தன்று என் மனைவி மூன்று சவரன் தங்கத்தோடு அந்த ஜன சமுத்திரத்தில் நடந்தாள். நான் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். மலைமேல் தீபம் தெரிந்து எல்லோரும் அரோகரா போட்டபோது, எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள் சங்கிலியைக் காணோம் என்று கழுத்தைத் தடவிக்கொண்டு அழுதார். உடனே எனக்குக் குறும்பு கிளம்பிவிட்டது. திருடன் பக்கத்தில்தான் இருப்பான் என்று, அவன் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்: "நம்புளுது போனா போவட்டும், முப்பது ரூபா கவரிங்குதான்." அந்தச் சங்கிலி அன்றைக்குத் தப்பியது இந்த ஒரு பொய்யால்தான் என்று பிற்பாடு எண்ணி எண்ணி ஆறுதல் பட்டிருக்கிறேன். ஆனால் அப்போது நான் உண்மை பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடை வாசலில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். அடி அண்ணாமலையில் இருந்து தினம் விடியற்காலையில் கூடையைத் தலையில் வைத்து நடந்தே வருவார். ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் கயிற்றில் ஒரு பொட்டுத் தங்கம், மற்றபடி கழுத்து காலி. அதற்குக் காரணம் எங்கள் கடைதான். ஒரு பொங்கலுக்கு எங்களிடம் கவரிங் சங்கிலி வாங்கிப் போட்டு, பதினைந்து நாளில் கறுத்து, கழுத்தைச் சுற்றிப் புண்ணாகி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டு ஆற்றினார். சிலர் உடம்புக்கு நிக்கலும் செம்பும் ஒத்துக்கொள்ளாது, வேர்வை பட்டால் அரிக்க ஆரம்பித்துவிடும். பூக்கூடை சுமக்கிறவருக்கு வேர்வைக்கு என்ன குறை. அதற்குப் பிறகு நான் எதைக் காட்டினாலும், "உன் பித்தள எனுக்கு வாணாம் தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தீபம் முடிந்து கழற்றும்போது, இந்தக் கவரிங் கழுத்தில் கறை வைக்கவே இல்லையே என்று மனைவி ஆச்சரியப்பட்டாள். கைவேலை அப்படி என்றேன். அப்படியானால் இதைப் பூக்காரம்மாவுக்கே கொடுத்துவிடலாம், தினம் எனக்கு இரண்டு முழம் கூடவே அளக்கிறாங்க, பாவம் என்றாள். எனக்கும் அந்த அம்மாவின் வாயை அடைக்க ஆசை. மறுநாள் வாசலில் நாலு பேர் பார்க்க, இது அரிக்காது, கறுக்காது, அரிச்சா என் பேரை மாத்திக்கிறேன் என்று ஒரு பிரசங்கமே செய்து கொடுத்தேன்.

அந்த அம்மா அதைக் கழற்றவே இல்லை. குளிக்கும்போது, தூங்கும்போது, கூடை தூக்கும்போது எல்லாம் அது கழுத்தில் கிடந்தது. மார்கழி பிறந்தது. கறுக்கவில்லை. ஊரில் அந்த அம்மா அதை வாயாரச் சொல்லியிருக்க வேண்டும். அடி அண்ணாமலையில் இருந்து பெண்கள் கூட்டமாக வந்து பூக்காரம்மா போட்டிருக்கிற கவரிங் வேண்டும் என்று கேட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதே மணியில் கோத்துக் கோத்து விற்றேன். பாய் இரண்டாம் தடவை சரக்கு வரவழைத்தார். அது என் தொழில் வாழ்க்கையின் உச்சம் என்று நினைக்கிறேன். இருபது நாள் நீடித்தது. பிறகு அதே பெண்கள் கறுத்த சங்கிலிகளோடு திரும்பி வந்தார்கள். பூக்காரம்மாவுக்கு மட்டும் நல்ல சரக்கு, எங்களுக்குக் கழிசடையா என்று சண்டை பிடித்தார்கள். அந்த அம்மா வாசலில் இருந்தபடி என்னைப் பெருமையாகப் பார்த்துச் சிரித்தார். தனக்கு மட்டும் நான் விசேஷமாகச் செய்தேன் என்று அவர் எண்ணம்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தை மாதம் போளூரில் மைத்துனிக்குக் கல்யாணம். பொங்கல் கழிந்த நாலாம் நாள். போகிக்கு முதல் நாள், சங்கிலியை எடுத்து வையுங்க, அப்பா முதல்ல அதைத்தான் பார்ப்பாரு என்றாள் மனைவி. பெட்டியைத் திறந்தேன். சங்கிலியின் கொக்கியில், மணிகளின் இடுக்கில், பாசி பிடித்த மாதிரி பச்சை.

தங்கத்துக்கு உலகத்தில் ஒரே வேலைதான். சும்மா இருப்பது. வெள்ளி கறுக்கும், செம்பு பச்சை பூக்கும், பித்தளை மங்கும், இரும்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தங்கம் மட்டும் மண்ணில் போட்டாலும் தண்ணீரில் போட்டாலும் போட்டபடியே இருக்கும். அதற்குத்தான் அத்தனை விலை. பெட்டியில் இருந்தது சும்மா இருக்கவில்லை. பாலீஷ் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன். உரைகல்லில் ஒரு மணியை இழுத்தேன். முதலில் ஒரு மினுக்கு, அதற்குப் பின்னால் சிவப்புக் கோடு. செம்பு.

பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் கல்லைப் பார்த்தார். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "கை நல்ல கைதான் தம்பி. தலதான் கவரிங்" என்றார்.

நேராகப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். நாலு பேர் பார்க்கப் பிரசங்கம் செய்து கொடுத்தவனுக்கு அது அவ்வளவு எளிதில்லை. அதோடு, சொன்னால் அந்த அம்மா நம்ப வேண்டுமே. ஊரெல்லாம் கறுக்கும்போது தன்னிடம் மட்டும் கறுக்காமல் இருக்கிற நல்ல சரக்கைப் பிடுங்கிக்கொள்ளக் கதை கட்டுகிறான் என்று நினைத்தால்? ஆகவே தந்திரத்தில் இறங்கினேன். பாலீஷ் போட்டுத் தருகிறேன் என்றேன். மின்னுறதுக்கு இன்னாத்துக்கு பாலீஷு என்றார். இரட்டை வடம் தருகிறேன், இதைக் கொடுங்க என்றேன். ஒத்த வடமே போதும் என்றார். இந்தச் சரக்கில் ஒரு கோளாறு, மூன்றாவது மாசம் அரிக்க ஆரம்பிக்கும் என்று பயமுறுத்தினேன்.

"அரிச்சா கொணாந்து குடுக்கறேன் போ" என்று சொல்லி அரும்பைத் தொடுக்க ஆரம்பித்தார்.

போகிக்கும் பொங்கலுக்கும் அவர் கடைப்பக்கம் வரவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. மனைவியிடம், பாலீஷ் காயணும் என்று சொல்லி வைத்திருந்தேன். தங்கத்துக்குப் பாலீஷ் போட்டு மூன்று நாள் காயவைத்த ஒரே கணவன் நானாகத்தான் இருப்பேன். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு மிதித்தேன்.

அப்போதெல்லாம் கிரிவலப் பாதையில் இத்தனை கடையும் விளக்கும் கிடையாது. இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் மண், வலது கைப்பக்கம் எப்போதும் மலை. வழியெல்லாம் மாடுகளுக்குக் கொம்பில் சிவப்பும் நீலமும் பூசி நிறுத்தியிருந்தார்கள். பூக்காரம்மா வீட்டு வாசலில் சாணிப் பிள்ளையார், பொங்கல் படையல், ஒரு பசு, ஒரு கிடேரிக் கன்று. அம்மாவின் கழுத்தைப் பார்த்தேன். காலி.

"சங்கிலி எங்கம்மா?"

"அதோ போட்டுகினு நிக்குறா பாரு" என்று கன்றைக் காட்டினார். சாமந்தி மாலைக்கு நடுவில், அந்தச் சின்னக் கழுத்தில், போளூர் மாமனாரின் மூன்று சவரன் மின்னிக்கொண்டிருந்தது. பசுவுக்கு மணி போட்டாயிற்று, தலைச்சன் கன்று, பொம்பளைப் பிள்ளை, அதுக்கு மட்டும் ஒன்றும் இல்லாமல் விடுவதா, கவரிங்தானே என்று போட்டாராம்.

நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு போகும்போதுதான், அந்தத் தெருப் பையன்கள் தாம்பாளத்தைத் தட்டிப் பொங்கலோ பொங்கல் என்று கூவினார்கள். மாடுகளை அவிழ்த்துவிடும் நேரம். கன்று ஒரு துள்ளுத் துள்ளிப் பாதையில் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன்.

மலையை மனதார வலம் வந்தவன் இல்லை நான். அன்றைக்கு வந்தேன். கன்று நின்றால் நான் நின்றேன், அது திரும்பிப் பார்த்தால் நான் வேறெங்கோ பார்த்தேன், நெருங்கினால் மறுபடி ஓட்டம். எதிரே வந்த சாமியார் ஒருவர் எனக்கு வழிவிட்டுக் கும்பிட்டார். வேட்டி ஒரு முள்வேலியில் கொஞ்சம் தங்கிவிட்டது. எங்கேயாவது கம்பியில் மாட்டி அந்தச் சங்கிலி அறுந்தால், மணிமணியாக மண்ணில் உருண்டு போகும். போளூர்ப் பந்தலில் மாமனார் மகளின் கழுத்தைப் பார்ப்பார். அவள் என்னைப் பார்ப்பாள். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. கடைசியில் ஒரு குளத்தங்கரையில் யாரோ போட்டிருந்த கரும்புத் தோகையில் அது வாயை வைத்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கல்யாணத்தன்றுகூட யாரையும் அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

பூக்காரம்மா கயிற்றோடு மெல்ல வந்து சேர்ந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"முப்பது ரூபா சாமானுக்கு இந்த ஓட்டம் ஓட்றியே. இன்னா விசயம், மறைக்காம சொல்லு."

சொன்னேன். கையில் வைத்து எடை பார்த்ததில் இருந்து, பெட்டியில் பச்சை பூத்தது வரைக்கும். மூச்சு வாங்க வாங்கச் சொன்னதால் பொய் கலக்க நேரமில்லை. அந்த அம்மா குனிந்து கன்றின் கழுத்தில் இருந்த கொக்கியைக் கழற்றினார். சாமந்தி இதழ் ஒட்டியிருந்ததை ஊதினார். முந்தானையால் ஒவ்வொரு மணியாகத் துடைத்தார். ஒரு மணி மட்டும் லேசாக நசுங்கியிருந்தது. அதைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கி மூடினார். வூட்ல அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் பாட்டுக்குக் கன்றுக்குக் கயிறு மாட்ட ஆரம்பித்தார். வெறும் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் வேர்வையில் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எனக்கு எது தாங்காவிட்டாலும் வாய் விளையாட்டுக்குத்தான் போகும்.

"ரெண்டு மாசமா மூணு சவரன் தங்கத்த போட்டுகினு இருந்தீங்களேம்மா, எப்டி இருந்திச்சி?" என்று சிரித்தபடி கேட்டேன்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கன்றை வீட்டுப் பக்கம் திருப்பியபடி அவர் சொன்னார்:

"கழுத்து அரிக்கல."